கியூபாவுக்குச் சுற்றுலா போகலாமா? ஒரு வாசகியின் கடிதமும் வழக்கறிஞரின் பதிலும்

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் பிரிட்டனிலிருந்து எழுதியிருக்கிறார். அவருக்கும் 9 வயது மகனுக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். கணவருக்கு இந்திய பாஸ்போர்ட். பள்ளி விடுமுறையில் 10 நாள் கியூபா போய்வர ஆசை. ஆனால் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். தொழிற்சங்கத்தில் ஊறிய அப்பா, "மருத்துவமே இலவசமான நாடும்மா, தைரியமாகப் போய்வா" என்கிறார். நியூ ஜெர்சியில் கிரீன் கார்டுடன் இருக்கும் அண்ணன், "அங்கே செலவழிக்கிற ஒவ்வொரு காசும் ராணுவத்துக்குத்தான் போகும்" என்று தடுக்கிறார். அப்படியும் போவதென்றால் டொராண்டோ வழியாகத் தானும் வந்து சேர்ந்துகொள்வாராம். பாஸ்போர்ட்டில் முத்திரை விழாதாம், யாருக்கும் தெரியாதாம். கணவரோ, "கம்யூனிஸ்ட் நாட்டில் எல்லாமே அரசாங்கத்துடையது, எங்கே கொடுத்தாலும் ஒன்றுதான். பேசாமல் வரதேரோ கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் அறை போட்டுவிடலாம்" என்கிறார். வாசகிக்குச் சிறிய யூடியூப் சேனல் ஒன்று இருக்கிறது; தெருவில் மக்களிடம் ஆட்சியைப் பற்றிக் கருத்துக் கேட்டுப் பதிவுசெய்ய நினைத்திருக்கிறார். அடுத்த ஜூனில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அமெரிக்கா போக வேண்டும் என்பதையும் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். மனசாட்சிக்கும் உறுத்தாமல், சட்டத்திலும் மாட்டாமல் போய்வர முடியுமா என்பது அவர் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

போகலாம். ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கல்யாண வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. நீங்கள் யோசித்துக் கலங்கியிருப்பதெல்லாம் கியூபாவில் நடக்கக்கூடியவற்றைப் பற்றி. உங்கள் கையைச் சுடக்கூடியது அமெரிக்காவில் காத்திருக்கிறது.

ஜூன் கல்யாணமும் எஸ்டாவும்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பதால் இதுவரை எஸ்டா என்ற, விசா இல்லாமல் இணையத்திலேயே வாங்கும் அனுமதியில் அமெரிக்கா போய்வந்திருப்பீர்கள். 2021 ஜனவரி 12 அன்று கியூபாவை, பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா சேர்த்தது. அந்தத் தேதிக்குப் பிறகு கியூபாவில் கால் வைத்த யாரும் எஸ்டாவில் அமெரிக்கா போக முடியாது. ஒரு நாள் தங்கினாலும் இதே கதைதான்; குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை. 2025 ஜனவரியில் பட்டியலிலிருந்து எடுப்பதாக ஓர் அதிபர் அறிவித்தார். ஆறே நாளில் பதவிக்கு வந்த அடுத்தவர் அதை ரத்து செய்துவிட்டார். எனவே யாராவது "அதையெல்லாம் நீக்கிவிட்டார்களே" என்று சொன்னால் அது அந்த ஆறு நாள் செய்தி.

இதனால் அமெரிக்கா உங்களுக்கு மூடப்பட்டுவிடாது. எஸ்டாவுக்குப் பதில் பி1/பி2 என்ற பயணி விசா எடுக்க வேண்டும், அவ்வளவுதான். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், ஆளுக்கு 185 டாலர் விண்ணப்பக் கட்டணம், தூதரக நேர்காணல். நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதுதான் தலைவலி. ஆகவே வரிசையை மாற்றுங்கள்: உங்களுக்கும் மகனுக்கும் அமெரிக்க விசா முதலில், கியூபா டிக்கெட் பிறகு. விசா கையில் இருந்தால் அதன் பின் கியூபா போய்வந்ததற்காக மட்டும் அது செல்லாமல் போகாது. உங்கள் கணவருக்கு இதில் எதுவும் மாறவில்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு எப்படியும் விசா வேண்டும். வீட்டில் பாஸ்போர்ட் விஷயத்தில் அவர் உங்களைக் கிண்டல் செய்ய இது ஒரே வாய்ப்பு.

முத்திரை விழுமா, விழாதா என்ற ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள். எஸ்டா படிவத்திலேயே அந்தத் தேதிக்குப் பிறகு கியூபா போனீர்களா என்று நேரடியாகக் கேட்கிறார்கள். போய்விட்டு 'இல்லை' என்று குறித்தால், விசா வாங்கிக்கொள்ளலாம் என்ற சின்னச் சிரமம் போய், பொய்த் தகவல் கொடுத்தவர் என்ற பெரிய சிக்கல் வந்து உட்காரும். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் அதற்குக் காலவரம்பு இல்லாத நுழைவுத் தடை உண்டு. போதாக்குறைக்கு ஹவானா வீடியோவை நீங்களே யூடியூபில் ஏற்றப்போகிறீர்கள்.

அண்ணன் வரலாமா?

வேண்டாம். கியூபா மீதான அமெரிக்கத் தடை, அமெரிக்கக் குடிமக்களையும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களையும் அவர்கள் எந்த விமான நிலையத்திலிருந்து ஏறினாலும் பின்தொடரும். அவர்கள் கியூபா போக 12 வகைக் காரணங்கள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. சுற்றுலா அதில் இல்லை. பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளும் 'கியூப மக்களுக்கு ஆதரவு' என்ற வகைக்கும் நிபந்தனை உண்டு: நாள் முழுக்க அதற்குரிய வேலைகளும் சந்திப்புகளும் இருக்க வேண்டும், கடற்கரையில் காலை நீட்டிக்கொண்டு கிடப்பது கணக்கில் வராது. பயண விவரங்களையும் ரசீதுகளையும் 10 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும் என்று 2025 மார்ச்சில் விதியைக் கூட்டியிருக்கிறார்கள். முன்பு 5 ஆண்டுதான். அவர் அந்த வகையில் முறையாக வர விரும்பினால் அமெரிக்காவில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வரட்டும். டொராண்டோ சுற்றுவழி மட்டும் வேண்டாம்.

உங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது. ஆனாலும் அதன் வால் உங்கள் மேலும் படும். அண்ணனின் அமெரிக்க வங்கி அட்டையில் உங்கள் செலவு எதையும் போடாதீர்கள். அமெரிக்க நிறுவனங்களின் பணப் பரிமாற்றச் சேவையில் கணவருக்கே பணம் அனுப்பினாலும் குறிப்பில் 'கியூபா' என்று எழுதாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகப் பணம் முடங்கக்கூடும், விளக்கம் சொல்லி மீட்க நாளாகும்.

காசு யார் கைக்குப் போகிறது?

இனி மனசாட்சி விஷயம். உங்கள் கணவர் சொல்வது 1980-களின் கியூபாவுக்குப் பெரும்பாலும் சரி. இன்று சரியில்லை. சோவியத் உதவி நின்றுபோன பிறகு 1993-ல் சுயதொழிலுக்குக் கதவு திறந்தார்கள். வீட்டிலேயே நடத்தும் உணவகங்கள் வந்தன. அவற்றைப் பலதார் என்பார்கள். 1997-லிருந்து வீட்டு அறைகளை வெளிநாட்டவருக்கு உரிமத்துடன் வாடகைக்கு விட அனுமதி. அவை காசா பர்திகுலார். 2021-ல் 100 ஊழியர் வரை வைத்துக்கொள்ளும் தனியார் நிறுவனங்களையும் அனுமதித்தார்கள். ஆட்சி ஒரு கட்சிதான், 2019 அரசியல் சாசனமும் அதை உறுதிசெய்கிறது. ஆனால் நீங்கள் தூங்கும் கட்டில் ஒரு குடும்பத்துடையதாக இருக்கலாம்.

அண்ணன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. கியூப ராணுவத்தின் வணிகக் குழுமத்துக்கு காய்சா என்று பெயர். அதன் ஓட்டல் பிரிவு கவியோத்தா. வரதேரோவிலும் கரையோரத் தீவுகளிலும் உள்ள பெரிய ரிசார்ட்டுகள் பலவற்றுக்குச் சொந்தக்காரர் கவியோத்தாதான். வாசலில் மெலியா, இபெரோஸ்தார் போன்ற ஸ்பானிஷ் பெயர்ப் பலகை தொங்கும், அவை நிர்வாகம் மட்டும் பார்ப்பவை. அங்கே வேலை செய்பவர்களை வெளிநாட்டு நிறுவனம் பல ஆண்டுகளாக நேரடியாக எடுக்க முடியாமல் இருந்தது. அரசு ஆள்சேர்ப்பு நிறுவனம் வழியாகத்தான். நிறுவனம் அதற்கு அந்நியச் செலாவணியில் கட்டியது, ஊழியருக்குச் சம்பளம் உள்ளூர் பெசோவில் கிடைத்தது. 2024-ல் அரசுத் துறையின் சராசரி மாதச் சம்பளம் 6,000 பெசோவுக்குக் கீழே. வெளிச்சந்தை விலையில் மாற்றினால் 20 டாலர்கூடத் தேறாது. அறையைச் சுத்தம் செய்பவருக்கு நீங்கள் கையில் கொடுக்கும் டிப்ஸ்தான் அவருடைய உண்மையான வருமானம்.

கணவர் சொல்லும் ரிசார்ட்டை நான் ஒதுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 அக்டோபரில் கியூபாவின் மின்கட்டமைப்பே நாடு முழுக்க விழுந்தது. அதற்குப் பிறகும் பலமுறை விழுந்திருக்கிறது. அதே காலத்தில் ஹவானாவின் வெதாதோ பகுதியில் 42 மாடி ஓட்டல் கோபுரம் ஒன்று எழும்பி 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. சொந்தக்காரர் கவியோத்தா. வந்துபோகும் பயணிகளோ 2018-ல் 47 லட்சம் பேர், 2024-ல் 22 லட்சம் பேர். இருக்கும் அறைகளே காலியாகக் கிடக்கும்போது, மின்நிலையத்துக்குப் போகாமல் பணம் ஏன் அங்கே போகிறது என்று கியூபப் பொருளாதார வல்லுநர்களே கேட்கிறார்கள்.

ஆக, அறை, சாப்பாடு, ஊருக்கு ஊர் போகும் வண்டி ஆகிய மூன்று பெரிய செலவுகளையும் தனியார் கைக்கு மாற்ற முடியும். காசா பர்திகுலாரின் கதவில் நீல நிறத்தில் நங்கூரம் போன்ற ஒரு குறி ஒட்டியிருக்கும். வெளிநாட்டவரைத் தங்கவைக்க உரிமம் உண்டு என்று அர்த்தம். அந்தக் குறி இல்லாத வீட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தங்காதீர்கள். பிடிபட்டால் அபராதம் வீட்டுக்காரர் தலையில் விடியும். உரிமம் உள்ளவர் உங்கள் பாஸ்போர்ட் விவரங்களைக் குடிவரவுத் துறைக்குப் பதிவுசெய்தே ஆக வேண்டும். கேட்டால் சந்தேகப்படாமல் கொடுங்கள். ஊர்களுக்கு இடையே, அரசின் வியாசுல் பேருந்துக்குப் பதில், வீட்டுக்காரரே பேசிவிடும் பங்கு டாக்சி கிடைக்கும்.

பூசி மெழுகாமல் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். அரசுக்கு ஒரு காசும் போகாத கியூபப் பயணம் கிடையாது. விசா கட்டணம், சிம் கார்டு, டாக்சியின் பெட்ரோல், வீட்டுக்காரர் கட்டும் வரி, எல்லாவற்றிலும் அரசின் பங்கு இருக்கிறது. அதுவே பொறுக்காது என்றால் போகாமலிருப்பது நேர்மையான முடிவு, அதை மதிக்கிறேன். ஆனால் போகாமலிருந்தால் ஆட்சி தளரும் என்ற நம்பிக்கையில் அந்த முடிவை எடுக்காதீர்கள். 1962 முதல் தடை இருக்கிறது, கட்சியும் இருக்கிறது. பயணிகள் குறைந்தபோது முதலில் காலியானது வீட்டுக்காரப் பெண்மணியின் பணப்பெட்டி. சுற்றுலாப் பயணிகள் போகப்போக நாடு தானாகத் திறந்துகொள்ளும் என்ற எதிர்த்தரப்பு வாதமும் அதே அளவு பலவீனமானது. 47 லட்சம் பேர் வந்துபோன மூன்றே ஆண்டில், 2021 ஜூலை 11 அன்று ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களில் நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள்.

கேமரா: ஆபத்து உங்களுக்கு இல்லை, எதிரில் நிற்பவருக்கு

உங்கள் திட்டத்தில் நான் முழுமையாக மறுப்பது இந்தத் தெருப் பேட்டியைத்தான். சுற்றுலா விசாவில் செய்தி சேகரிக்க அனுமதி இல்லை. இது உங்கள் பக்கம். மோசமாகப் போனால் கேள்வி கேட்பார்கள், கேமராவை வாங்கிவைப்பார்கள், விமானம் ஏற்றிவிடுவார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் சொன்னவர் அங்கேயேதான் இருக்க வேண்டும். 2019-ல் வந்த 370-ஆம் எண் ஆணைச் சட்டத்தின்படி, இணையத்தில் 'சமூக நலனுக்கு எதிரான' கருத்துப் பரப்பினால் 3,000 பெசோ அபராதம். 2021 ஆகஸ்டில் 35-ஆம் எண் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். குரல், பின்னால் தெரியும் படிக்கட்டு, சட்டை, இவையே ஒரு தெருவுக்கு ஆளை அடையாளம் காட்டப் போதும். ஒவ்வொரு வட்டாரத்திலும் அதைக் கவனிப்பதற்கென்றே குழு இருக்கிற நாடு அது.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது, நல்லெண்ணத்தில் பணம் கொடுப்பது. சுதந்திரப் பத்திரிகையாளருக்கோ செயற்பாட்டாளருக்கோ நேயர்களிடம் திரட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தின் 143-ஆம் பிரிவு, அரசுக்கு எதிரான செயல்களுக்கு வெளிநாட்டுப் பணம் பெற்றால் 4 முதல் 10 ஆண்டு சிறை என்கிறது. எது அரசுக்கு எதிரான செயல் என்று முடிவுசெய்வது அரசு. நீங்கள் கொடுக்கும் 50 யூரோ அவருக்கு எதிரான சாட்சியமாக ஆகிவிடலாம்.

சமையல், கட்டடம், இசை, பழைய கார் என்று எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். ராணுவம், போலீஸ், விமான நிலையம், வரிசையில் நிற்கும் மக்களின் முகம் வேண்டாம். ட்ரோனைக் கொண்டுபோகவே வேண்டாம், சுங்கத்தில் பிடித்துவைத்துக்கொள்வார்கள். அரசியலை வீட்டுக்காரர் தானாகப் பேசினால் கேளுங்கள். நீங்களாகத் தொடங்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

தாள் சுற்றுலா அட்டை போய், இப்போது மின்விசா. அதோடு டிவியாஹேரோஸ் என்ற இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 7 நாளுக்குள் நிரப்பி, வரும் க்யூஆர் குறியை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனை மட்டும் நம்பாதீர்கள்.

அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: இலவச மருத்துவம் அந்நாட்டு மக்களுக்கு. வெளிநாட்டவர் கட்டணம் கட்ட வேண்டும். 2010 மே முதல் மருத்துவக் காப்பீடு இல்லாமல் நாட்டுக்குள் நுழையவே முடியாது. மருத்துவக் கட்டணம் பாக்கி வைத்தால் வெளியேறவும் விடாமல் நிறுத்திவைக்கலாம். மருந்துத் தட்டுப்பாடு கடுமை, ஆகவே மகனுக்கு வழக்கமான காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் இங்கிருந்தே போகட்டும். 2025-ல் சிக்குன்குனியா பெரிதாகப் பரவியது; கொசுவிரட்டி அங்கே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

கார் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டும் யோசனையைக் கைவிடுங்கள். விபத்தில் யாருக்காவது காயம் பட்டால், தவறு யாருடையதாக இருந்தாலும் வழக்கு முடியும்வரை ஓட்டியவரை நாட்டைவிட்டுப் போக விடமாட்டார்கள். அது மாதக்கணக்கில் இழுக்கும்.

பணத்தை யூரோவாக, சிறு தாள்களாகக் கொண்டுபோங்கள். கிழிசல், பேனாக் கிறுக்கல் இருந்தால் வாங்க மாட்டார்கள். உங்கள் பிரிட்டிஷ் வங்கி அட்டை வேலை செய்யலாம், அமெரிக்க வங்கித் தொடர்பு இருந்தால் செய்யாது. மின்சாரம் இல்லையென்றால் எந்த அட்டையும் செய்யாது. அறை வாடகையை யூரோவிலேயே வாங்கிக்கொள்வார்கள். பெசோ, தெருச் செலவுக்கு மட்டும். காடேகா என்ற அரசுப் பணமாற்று நிலையத்தில் 2022-ல் டாலருக்கு 120 பெசோ என்று வைத்தார்கள்; வெளிச்சந்தையில் 2024-லேயே 300-ஐத் தாண்டிவிட்டது. கிளம்பும் வாரத்தில் இரண்டு விலையையும் பாருங்கள். தெருவில் மாற்றுவது சட்டவிரோதம், ஏமாற்றும் அதிகம். 2021-ல் ஒழிக்கப்பட்ட பழைய மாற்றுப் பெசோ தாளைப் பயணிகள் தலையில் கட்டுவது அங்கே நடக்கும் வேலை. அடையாளம் எளிது: செல்லும் தாளில் மனித முகம் இருக்கும், செல்லாத பழைய தாளில் சிலையும் நினைவுச் சின்னமும் இருக்கும்.

அறை பேசும்போதே வாட்ஸ்அப்பில் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். மின்வெட்டுக்கு ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ உண்டா? மாடியில் தண்ணீர்த் தொட்டி உண்டா? சமையல் கேஸிலா, மின்அடுப்பிலா? மோட்டார் ஓடாத நாளில் தொட்டி இல்லாத வீட்டில் குளியலும் இல்லை. தலைநகரை விட வெளியூர்களில் வெட்டு நீளம். ரீசார்ஜ் செய்யும் விளக்கும் பவர் பேங்கும் எடுத்துப் போங்கள். திரும்பும்போது அவற்றை வீட்டுக்காரரிடமே விட்டுவந்தால் மகிழ்வார்.

கணவர் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். சோறும் கறுப்பு மொச்சையும் எங்கும் உண்டு, ஆனால் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்றால் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். 'சின் மந்தேகா' (பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மருந்து தானம் செய்ய விரும்பினால் உறை பிரிக்காத, காலாவதியாக ஆறு மாதமாவது இருக்கிற பெட்டிகளைத் தனிப்பையில் கட்டுங்கள். உணவு, மருந்து, சுகாதாரப் பொருட்களுக்கு 2021 முதல் சுங்கச் சலுகை நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது, கிளம்பும்முன் அது நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். காசா நடத்துபவரிடம் கொடுத்தால் தெருவில் யாருக்குத் தேவை என்று அவருக்குத் தெரியும். தெருவில் குழந்தையைக் காட்டி, "பணம் வேண்டாம், பால் பவுடர் வாங்கிக் கொடுங்கள்" என்று கடைக்கு அழைத்துப் போனால் கவனம். நீங்கள் நகர்ந்ததும் டப்பா கடைக்கே திரும்பிப் போய்ப் பணமாகிவிடும் ஏற்பாடு அது. எல்லோரும் அப்படியில்லை, தேவை நிஜம்தான். ஆனால் யார் எப்படி என்று பத்து நாளில் உங்களால் பிரித்தறிய முடியாது.

கடைசியாக, டிக்கெட் திருப்பிக் கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும். எரிபொருள் தட்டுப்பாட்டில் விமானங்களே ரத்தாகலாம். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை 'அத்தியாவசியமின்றிப் போகாதீர்கள்' என்று அறிவித்துவிட்டால், அதை மீறிப் போகிறவர்களின் பயணக் காப்பீடு பெரும்பாலும் செல்லாது. காப்பீடு இல்லாமல் கியூபாவும் உள்ளே விடாது. பணம் கட்டும் நாளில் ஒருமுறை, புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒருமுறை அந்த அறிவிப்பைப் பாருங்கள். இன்றே செய்ய வேண்டியது டிஎஸ்-160 படிவம், உங்களுக்கொன்று, மகனுக்கொன்று.